அம்லான் தொடாத பொன்

அம்லானுக்கு ஐம்பது தாண்டியும் மாதவிலக்கு நிற்கவில்லை என்று ஊர்ப் பெண்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பினார்கள் என்பதுகூடச் சரியில்லை. அவள் சொன்னாள், இவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். உண்மையில் அது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் வீட்டுப் பொன்னை வெளியே எடுக்கிற நாள் வந்தால் போதும், இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கு இன்னிக்கு ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சமையல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். தூரமான பெண் அந்தப் பொன் இருக்கிற அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

கல்யாணத்தன்றும் இதே கதைதான். குடும்பத்துப் பொன்னைத் தலையிலும் கழுத்திலும் பூட்டிக்கொண்டு ஊரே பார்க்க நடக்க வேண்டிய பெண், வெறும் கண்ணாடி மணியைப் போட்டுக்கொண்டு புருஷன் வீடு போனாள். "அவங்க வீட்ல பொன்னே இல்லையா, இல்ல இவளுக்குப் போட மனசில்லையா?" என்று அந்த வீட்டுப் பெண்கள் வருஷக்கணக்கில் குத்திக்காட்டினார்கள். அம்லான் தன் வேலையைப் பார்த்தாள். குத்தினால் குத்திவிட்டுப் போகட்டும், உயிர் இருக்கிறதே!

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் இந்தப் பக்கத்துச் சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய வீடுகள் ஆள் வாங்கின. வடக்கேயிருந்து கயிற்றில் கட்டிக் கொண்டுவந்த ஆண்களையும் பெண்களையும் பொன்தூள் நிறுத்துக் கொடுத்து வாங்கினார்கள். வாங்கப்பட்டவர்களுடைய பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். வீட்டுக்காரனை மாமா என்று கூப்பிட்டு, அதே உரலில் இடித்த கிழங்கைத் தின்று, அதே மண்ணில் புதைந்தார்கள். ஆனால் யார் வாங்கப்பட்டவர் வழி, யார் பிறந்தவர் வழி என்று ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவன் ஆடு வெட்டி முன்னோர் காலில் விழ வேண்டும். அப்படி வாயை விட்டவனை ஊரைவிட்டே துரத்திய கதையும் உண்டு.

அம்லானின் அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். அம்லான் அப்போது சின்னப் பெண்.

"நாம இந்த வீட்டு ரத்தம் இல்லடி. உன் முப்பாட்டியை இந்தப் பொன்னுல இருந்துதான் நிறுத்துக் குடுத்து வாங்கினாங்க. அந்தப் பொன்னு தன் ஆளுங்களை மட்டும்தான் ஏத்துக்கும். நாம தொட்டா நம்மளை விடாது. நம்ம வயித்துல பொறந்ததையும் விடாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே. இந்த வீட்ல நாம மட்டும்தான் அப்படி."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணியைப் பிழிந்தாள். சின்னப் பெண்ணுக்குத்தான் அதற்கப்புறம் ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. வயசுக்கு வந்த புதிதில், ஒரு சாவு முடிந்த மறுநாள், முற்றத்தைப் பெருக்கும்போது துடைப்பக் குச்சியில் என்னவோ மினுங்கியது. எள்ளுருண்டை மாதிரி ஒரு பொன்மணி. பிணத்தின் மேலிருந்து கழற்றியபோது தவறி விழுந்திருக்க வேண்டும். அம்லான் இலையைப் பறித்து, இலையால் பிடித்து, அறை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். ஆனால் எடுக்கும்போது விரல்நுனி பட்டதா, படவில்லையா? பட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பல வருஷம் கழித்து அவள் முதல் குழந்தை நடக்கும் முன்பே காய்ச்சலில் போனது. இரண்டாவது, பிறந்த வாரத்திலேயே போனது. ஊரில் யார் வீட்டில்தான் குழந்தை சாகவில்லை? எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அம்லான் மட்டும் தன் விரல்நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கனம் மடியில் இல்லை, விரலில் இருந்தது.

மூன்றாவதாகப் பிறந்து தங்கியவள் அஃபுவே. புருஷன் போய், அம்லான் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை. இப்போது புவாக்கே நகரத்தில் தையல்காரனைக் கட்டிக்கொண்டு நிறைமாதமாக இருக்கிறாள். அம்லானுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்த வயிறுதான். வெண்டைக்காய் காயவைக்கும்போதும், நிலக்கடலை பிடுங்கும்போதும், சந்தையில் பேரம் பேசும்போதும் அவள் மனசு அங்கேயே கிடந்தது.

இந்த நேரத்தில்தானா அல்லாங்பா மாமா சாக வேண்டும்!

பாலைக்காற்று வீசி உதடெல்லாம் வெடித்துக் கிடந்த மாதம். காலையில் கஞ்சி கொண்டுபோனவள் அலறினாள், ஊர் கூடிவிட்டது. குடும்பத் தலைவர், அஜாவைக் காத்தவர். அஜா என்றால் வீட்டுப் பொன். தனியாள் சொத்து அல்ல, விற்கவோ பிரிக்கவோ முடியாது. செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் அதைப் பித்தளைப் பானையில் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் லாந்தரை அணைக்காமல் தூங்கினவர் அவர். "திருடனுக்குப் பயந்து விளக்கு வைக்கிறாரா, இல்ல திருடனுக்கு வழி காட்டவா?" என்று ஊர் கேலி செய்யும். பானையை நகர்த்துவதாக இருந்தாலும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் நகர்த்துவார். சுத்தக்காரர் என்று பேர்.

மறுநாள் காலையில் பொன் பூட்டி அவரைப் படுக்கவைக்க வேண்டும், ஊர் வந்து பார்க்க வேண்டும், சாயங்காலம் பொன்னைக் கழற்றிவிட்டு அடக்கம். பிணத்துக்குப் பொன் பூட்டுவது அந்த வீட்டு வழியில் பிறந்த, மாதவிலக்கு வராத பெண்ணின் வேலை. இத்தனை காலமும் அதைச் செய்தவள் அப்லா. எழுபதைத் தொடுகிற வயசு, கட்டைக் குரல், நாக்கில் மிளகாய். சாவு வீட்டில் அழுகிறவர்களையே சிரிக்கவைத்துவிடுவாள். ஆனால் போன சாவில் அவள் கை நடுங்கி, முதலை வடிவப் பொன் நகையைக் கீழே போட்டுவிட்டாள். செத்தவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று அன்றைக்கே ஒரு கோழி வெட்ட வேண்டியதாயிற்று.

மத்தியானம் பெண்கள் கூடியிருந்த இடத்துக்கு லூக்கு வந்தான். அல்லாங்பாவின் தங்கை மகன், இங்கே வாரிசு தாய்வழியில்தான் என்பதால் அடுத்து தலைவராக வேண்டியவன். பெரிய மனுஷத் தோரணை இன்னும் உடம்பில் சரியாக உட்காரவில்லை.

"அப்லாக்கா, இந்தத் தடவை நீங்க தனியா வேணாம். கூட ஒரு கை வேணும்" என்றான்.

"ஆமாய்யா, வயசாச்சுல்ல. கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று அப்லா தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். அவை நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அப்படியே திரும்பி, "அம்லான் வரட்டும்" என்றாள்.

அம்லான் கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். வாய் பழக்கத்தில் தானாகப் பேசியது. "எனக்கு இன்னிக்கு ஆகாதுக்கா."

அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! சாவு வீடு என்பதே மறந்துவிட்டது.

"ஏண்டி, உன் மக வயித்துல பேரன் உதைச்சுக்கிட்டு இருக்கான், உனக்கு இன்னுமா நிக்கல?"

"அவனுக்கு ஒரு சித்தப்பனைப் பெத்துக் குடுக்கலாம்னு இருக்காளோ என்னவோ!"

"சித்தப்பன் இல்லடி, தாய்மாமன்! முறைகூடத் தெரியல இவளுக்கு."

லூக்கு காதைப் பொத்திக்கொண்டு, "நான் போய் நாற்காலி வந்துச்சான்னு பாக்குறேன்" என்று நழுவினான். அப்லா மட்டும் சிரிக்கவில்லை. அம்லானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல குளிச்சிட்டு வெள்ளைத் துணி கட்டிட்டு வா. வேற ஒண்ணும் பேசாதே."

ஓடிவிடலாம் என்று அம்லான் முடிவு செய்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மாற்றுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, விறகுக்குப் போகிறவள் போலக் கொல்லைப்புறமாக இறங்கினாள். பக்கத்து ஊர் சகாசுவிலிருந்து வரும் செம்மண் சாலை வரைக்கும் நடந்து, அங்கே வந்து திரும்புகிற புவாக்கே பஸ்ஸைப் பிடித்து மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மகளையும் சாவுக்கு வரவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். அப்புறம் ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நடக்க நடக்க மூச்சிரைத்தது. பின்னால் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆடு. அரண்டவன் கண்ணுக்கு ஆடும் பேய்தான்.

பஸ் வந்தது. புழுதி அடங்கக் காத்திருந்தாள். படியில் முதலில் ஒரு வயிறு தெரிந்தது, அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு அஃபுவே.

"அம்மா! நான் வரேன்னு உனக்கு யார் சொன்னா? இவ்ளோ தூரம் நடந்தா வந்தே?"

அம்லான் அவள் கையைப் பிடித்துப் பஸ் பக்கமே திருப்பினாள். "ஏண்டி வந்தே? இந்த நிலைமைல பஸ்ல குலுங்கிட்டு எவளாவது வருவாளா? திரும்பிப் போ. இதே பஸ்ல ஏறு."

"நல்லா இருக்கே! பெரிய மாமாவுக்கு நான் அழாம வேற யார் அழுவா? என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன்." அஃபுவே அம்மாவின் தலையைப் பார்த்தாள். "அதென்ன, மாத்துத் துணி? எங்க கெளம்பினே?"

"விறகுக்கு."

"புதுத் துணியைச் சுத்திக்கிட்டு விறகுக்கா? அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

சொல்லிவிடலாமா என்று அம்லானின் நாக்கு துடித்தது. நாம இந்த வீட்டு ரத்தம் இல்லடி. ஐந்தாறு வார்த்தைதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெண்ணும் இன்றையிலிருந்து தன் விரல்நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவள் வயிற்றில் இருப்பதும் பிறந்து வளர்ந்து அதையே செய்யும். சொல்லாவிட்டால், பொன்னைத் தொட்டால், அந்த வயிறே இருக்காது. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனி சாண் என்ன, முழம் என்ன! அம்லான் மகளின் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். அஃபுவே வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அம்லான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

காலையில் அறைக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது. அல்லாங்பா மாமா குளிப்பாட்டிய உடம்போடு, பட்டை பட்டையாக நெய்த நீல வேட்டியில் படுத்திருந்தார். தலைமாட்டில் அந்த லாந்தர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் பித்தளைப் பானை. லூக்கு வாசலைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு, சாராயத்தைத் தரையில் ஊற்றி, வெள்ளைக் கோழியை அறுத்து, முட்டையைப் பானை விளிம்பில் தட்டி உடைத்தான். அப்புறம் முன்னோர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இந்தப் பொன்னைத் தோண்டியவர், வார்த்தவர், சேர்த்தவர், காத்தவர். முதல் பேரைச் சொல்லும்போதே அவன் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமிச் சமாளித்தான்.

"உங்க பிள்ளைங்கதான் வந்திருக்கோம். வேத்து ஆள் யாரும் இல்ல. திறக்க விடுங்க."

வேத்து ஆள் யாரும் இல்ல! கோழி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மல்லாந்து செத்தால் நல்லது, குப்புற விழுந்தால் ஆகாது. ஐயோ, என்னைக் கண்டுபிடித்துவிடுமே என்று அம்லான் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கோழி மல்லாந்து கிடந்தது. லூக்கு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு பெண்களும் ஒரு பிணமும் பானையும் மட்டும்.

அப்லா துணி முடிச்சை அவிழ்த்தாள். பொன் வெளிச்சத்துக்கு வந்தது. நீள மணிகள், சூரியன் மாதிரித் தட்டுகள், கொம்பு சுருண்ட ஆட்டுக்கிடாத் தலை, போன சாவில் விழுந்த முதலை. எல்லாவற்றுக்கும் மேலே முன்னோர் ஒருவர் சாயலில் வார்த்த ஒரு முகம். உள்ளங்கை அகலம், கண் மூடி, தாடி பின்னி, கன்னத்தில் தழும்பு வரிகளோடு. தூங்குகிறதா, கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாத முகம்.

"அதை எடு. கழுத்துல முதல்ல அதுதான்" என்றாள் அப்லா.

அம்லான் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. தொடு என்றால் தொடவில்லை, திரும்பு என்றால் திரும்பவில்லை. வெளியே முற்றத்தில் அஃபுவே யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்லான் தரையில் விழுந்து அப்லாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னால முடியாதுக்கா. ஆடு கேளுங்க, மாடு கேளுங்க, ஊரை விட்டே தொரத்துங்க. என்னைத் தொடச் சொல்லாதீங்க. நான் தொடக் கூடாதவ. என் மக செத்துப்போவா. நான் இந்த வீட்டு..."

அப்லாவின் கை அவள் வாயை அறைந்து மூடியது. பழைய எலும்புக் கை, ஆனாலும் வலித்தது.

"மூடு! செத்தவன் கேட்டுக்கிட்டு இருக்கான். உயிரோட இருக்கிறவன் கதவுக்கு வெளிய நிக்கிறான்." அப்புறம் குனிந்து, காதோடு காதாக, "உங்கம்மா உனக்கு எங்க வச்சுச் சொன்னா?" என்று கேட்டாள்.

அம்லான் விழித்தாள்.

"ஓடையிலயா?"

தலையை ஆட்டினாள்.

"எங்கம்மா கடலைக்காட்டுல வச்சுச் சொன்னா. ஆளில்லாத இடமாப் பாத்து." அப்லாவின் குரலில் மிளகாய் போன இடம் தெரியவில்லை. "நம்ம முப்பாட்டியை இந்தப் பொன்னுலதான் வாங்கினாங்க, தொட்டா விடாது, இந்த வீட்ல நாம மட்டும்தான் அப்படின்னா. இதே மாதிரிதானே?"

அம்லானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வாயை மூடியிருந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். "அப்போ நீங்க... நீங்க இத்தனை வருஷம் தொட்டீங்களேக்கா!"

"எனக்கு உன் புத்தி வரலையே. ஆகாதுன்னு சொல்லிட்டுச் சமையக்கட்டுல உக்காரத் தெரியல. கூப்பிட்டாங்க, போனேன். ஒவ்வொரு தடவையும், இன்னியோட சரின்னு நெனச்சுக்கிட்டேதான் தொட்டேன். வீட்டுக்குப் போய் என் பிள்ளைங்க மூக்குல கையை வச்சுப் பாப்பேன், மூச்சு வருதான்னு." அப்லா தன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது ஏன் நடுங்குதுன்னு நெனச்சே? வயசுன்னா? முதல் நாள்லேருந்தே நடுங்குது. அப்பல்லாம் மறைக்கத் தெம்பு இருந்துச்சு. இப்ப இல்ல, அவ்ளோதான்."

அம்லான் அவள் கையைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டில் எரிகிற லாந்தரைப் பார்த்தாள். பானையை நகர்த்துகிறபோது கையில் சுற்றுகிற அந்தத் துணி கட்டில் காலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமாவுமா?"

"நான் கேக்கல. அவனும் சொல்லல. ஆனா திருடனுக்குப் பயந்தவன் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் போடுவான். இவன் விளக்கைப் பானைப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தான். லூக்கு இப்பப் பேரைக் கூப்பிட்டானே, தொண்டை ஏன் அடைச்சுது? அவனோட அம்மாவும் எங்கயோ ஒரு காட்டுல வச்சு ஏதோ சொல்லியிருப்பா."

"அப்போ இந்த வீட்டு ரத்தம் யாருக்கா?"

அப்லா பொன் முகத்தையே பார்த்தாள்.

"இவனா இருக்கலாம். இவன் பிள்ளைங்க எப்பவோ தீந்துபோயிருக்கலாம். தீந்துபோன அன்னிக்கு யாராவது வெளிய சொல்லியிருப்பாங்களா? சொல்லத்தான் கூடாதே."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இத்தனை வருஷம் ஒற்றையாகச் சுமந்ததை வீடே சுமக்கிறது என்று தெரிந்தால் பாரம் இறங்கத்தானே வேண்டும்? அம்லானுக்கு இறங்கவில்லை. முன்னே இருந்த பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அப்படியென்றால் லூக்கு முட்டை உடைத்துக் கூப்பிட்டானே, அவர்கள் யார்? தங்கள் பிள்ளைகள் ஒருவரும் மிச்சமில்லாத வீட்டில், தாங்கள் விலை கொடுத்து வாங்கியவர்களின் பிள்ளைகள் பானையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு உங்க பிள்ளைங்க உங்க பிள்ளைங்க என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு எங்கேயோ இருப்பவர்கள். இத்தனை சாவுக்கும் அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்?

"அக்கா, எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அப்லா. "ஆனா அல்லாங்பா வெறுங்கழுத்தோட கெடக்குறான் பாரு. ஊர் வந்து வாசல்ல நிக்குது. பயப்படற கையா இருந்தா என்ன, கட்டுற கைதானே வேணும். எடு."

அம்லான் எடுத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை, லாந்தர் அணையவில்லை. பொன் குளிர்ந்திருந்தது, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூடின கண்ணும் பின்னின தாடியும் உள்ளங்கையில் உறுத்தின. பிணத்தின் தலையை அப்லா தூக்கிப் பிடிக்க, அம்லான் கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனாள். முடிச்சு நழுவியது. மறுபடியும் நழுவியது. இரண்டு பேர் கையும் நடுங்கினால் எந்த முடிச்சு நிற்கும்?

அப்போது கதவு திறந்தது. அறைக்குள் நுழைய உரிமையுள்ள வீட்டுப் பெண், நிறைமாதம் என்பதால் தூரத் தடையும் இல்லாதவள், எலுமிச்சை பிழிந்த தண்ணீரைச் சட்டியில் ஏந்திக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளியபடி வந்தாள். அஃபுவே.

"பொன்னு கழுவ எலுமிச்சைத் தண்ணி வேணும்னு லூக்கு மாமா குடுத்துவிட்டார்." பிணத்தைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. அப்புறம்தான் அம்மாவின் கையைப் பார்த்தாள். "அம்மா! நீயா எடுத்திருக்கே? நீ ஒரு நாளும் உள்ளயே வர மாட்டியே!" சட்டியைத் தரையில் வைத்தாள். "முடிச்சு விழலையா? குடு, நான் கட்டுறேன். தையல்காரன் பொண்டாட்டிக்கு முடிச்சு போடத் தெரியாதா?"

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

அம்லானின் அம்மா சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. ஆளில்லாத இடம், செத்தவரைத் தவிர வெளியாள் யாரும் இல்லை, கதவும் சாத்திக்கொண்டுவிட்டது. சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவள் அப்லாவைப் பார்த்தாள். அப்லா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெண்களுக்கு அவள் சொன்னாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளைத் துணிக்கடியில் அஃபுவேயின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. உள்ளே இருந்தது காலை நீட்டியிருக்க வேண்டும்.

அம்லான் பொன் முகத்தை மகளின் உள்ளங்கையில் வைத்தாள். உடனே விட்டுவிட முடியவில்லை. மேலே தன் கையையும் வைத்து மூடிக்கொண்டாள். மகளின் கை சூடாக, அசையாமல், கல்லுப்போல நிலையாக இருந்தது.

"எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள் அஃபுவே. பிறகு நிமிர்ந்தாள். "ஏம்மா, உன் கை ஏன் இப்படி நடுங்குது?"

"வயசாச்சுல்ல" என்றாள் அம்லான்.